பீடி ஆராய்ச்சிக்குப் பத்திரிகை போட்டவர்

என் வீட்டுக்காரர் சிவசைலத்துக்குக் கடவுள் ஒரே ஒரு திறமையைத்தான் கொடுத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையில் யார் பெயருக்குப் பிறகு யார் பெயர் வரவேண்டும் என்று பிசகாமல் சொல்லுவார். வேறொன்றும் உருப்படியாக வராது. ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. நான் ஓட்ட, அவர் பின்னால் இரண்டு கையாலும் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வருவார். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அது பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்று, "ஏட்டி வடிவு, பாலு பொங்குதுட்டி" என்று எனக்குத் தகவல் கொடுப்பார்.

ஆனால் பத்திரிகை என்றால் முக்கூடலிலிருந்தும் பாப்பாக்குடியிலிருந்தும் ஆட்கள் தேடி வருவார்கள். "வே சிவசைலம், மூத்த மாமனார் செத்துட்டாரு, இளையவரு இருக்காரு, ஆனா பேச்சுவார்த்தை கெடையாது. எப்படிப் போட?" என்பார்கள். இவர் கண்ணை மூடி யோசிப்பார். செத்தவருக்கு 'அமரர்' போட்டு வலது பக்கம், பேசாதவர் இடது பக்கம் அதே உயரத்தில், நடுவில் ஒரு குத்துவிளக்கு. "ரெண்டு பேருக்கும் சம மரியாத. வெளக்கு எரியுதுல்லா, சண்ட வெளிய தெரியாது" என்பார். வந்தவர்கள் பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டுப் போகிற மாதிரி நிம்மதியாகப் போவார்கள். ஒரு காப்பிகூடக் குடிக்கமாட்டார்கள், அவ்வளவு அவசரம்.

இந்தக் கிறுக்கு எங்கள் கல்யாணத்தில் ஆரம்பித்தது. எங்கள் பத்திரிகையில் என் தாய்மாமன் ஒருவர் பெயர் விட்டுப்போயிற்று. அச்சாபீஸ்காரன் விட்டானா, எங்கள் அப்பா விட்டாரா, இன்றுவரை தெரியாது. மாமா கல்யாணத்துக்கு வராமலே இருந்திருக்கலாம். வந்தார். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து, மண்டபத்துக்கு எதிரே இருந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, முகூர்த்தம் முடிகிறவரை டீயாகக் குடித்துத் தீர்த்தார். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அவரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். தாலி கட்டும்போதும் மாப்பிள்ளையின் கண் வாசல் வழியாக அந்த டீக்கடையில்தான் இருந்தது. என் கழுத்து எங்கே இருக்கிறது என்று அவருடைய அக்காதான் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. இனிமேல் தன் கை படுகிற எந்தத் தாளிலும் யார் பெயரும் விட்டுப்போகக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தாராம். கல்யாணத்தன்று ஒரு மனுஷன் செய்கிற சபதமா இது?

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் அவர் வணிகவியல் பாடம் நடத்துகிறார். அப்போது நிரந்தரம் கிடையாது. ஜூன் பிறந்தால் கூப்பிடுவார்கள், போகவேண்டும். நிர்வாகம் ஒருநாள் தெளிவாகச் சொல்லிவிட்டது: பிஎச்.டி. முடிக்காதவர்கள் அடுத்த ஜூனில் வரவேண்டாம். இவரோ பிஎச்.டி.க்குப் பதிவு செய்து, நீட்டிப்பு வாங்கி, அந்த நீட்டிப்புக்கும் நீட்டிப்பு வாங்கி, இனி வாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் நின்றார். மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பதிவு போனால் வேலையும் போய்விடும். நாற்பத்தைந்து வயதில், பால் பொங்குவதைப் பார்க்க மட்டும் தெரிந்த மனுஷன் எங்கே போய் நிற்பார்? நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர், அதுவும் தனியார் பள்ளிக்கூடத்தில்.

ஆய்வுத் தலைப்பு, 'முக்கூடல் வட்டாரப் பீடித் தொழிலாளர்களின் சேமிப்புப் பழக்கம்'. வேறு தலைப்பே கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். எங்கள் ஆற்றங்கரையில் பீடி சுற்றுகிறவர்களைவிட அவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் அதிகமோ என்று எனக்குச் சந்தேகம். பீடித் தொழிலாளரின் உடல்நலம், கடன், வங்கிப் பழக்கம், செல்போன் பழக்கம், சீரியல் பார்க்கும் பழக்கம், ஒன்று பாக்கியில்லை. தோளில் பை மாட்டிய ஒருவர் தெருவுக்குள் நுழைந்தாலே போதும், அங்கே இருக்கிற பெண்கள் மடியில் பீடி இலை பரப்பிய சுளவை இறக்கி வைக்காமல், கேள்வி வரும் முன்னாலேயே "ஆமா, இல்ல, ஓரளவு, ஆமா" என்று பதில் சொல்லிவிடுவார்கள்.

இந்த ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாரைப் பற்றியும் எழுதவேண்டியது அத்தியாயம் இரண்டு. லிட்டரேச்சர் ரிவியூ என்பார்கள். நமக்கு முன்னால் இந்தப் பொருளைப் பற்றி யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று பார்த்து, எதை அவர்கள் சொல்லாமல் விட்டார்களோ அதை நான் சொல்ல வருகிறேன் என்று காட்டுகிற அத்தியாயம். ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் முடிந்து பீரோவில் வேட்டிக்கு அடியில் கிடந்தன. இரண்டு மட்டும் முடியவில்லை. கடைசி வரியை எழுதுவார், மறுவாரம் யாராவது புதிதாக ஒன்றை வெளியிட்டுவிடுவார்கள்.

"விட்டுத் தொலைங்க அந்த ஒருத்தர" என்பேன்.

"விட முடியுமாட்டி? அவரு போயி டீக்கடைல உக்காந்துட்டாருன்னா?"

நான் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

வழிகாட்டியாக இருந்தவர் பேராசிரியை ஜெபகனி. கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஓய்வு பெற ஒரு வருஷம்தான் பாக்கி. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பிப்ரவரியில் ஒருநாள் அவரே போன் செய்தார். "சிவசைலம், மார்ச்சு தாண்டுனா நான் நெனச்சாலும் ஒண்ணும் செய்ய முடியாது. எத்தன பேரு இருக்காங்கங்கது முக்கியமில்ல. ஒழுங்கா வரிசப்படுத்திக் கொண்டுட்டு வாங்க."

வரிசைப்படுத்துங்கள் என்று இவரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று பாவம், அந்த அம்மாவுக்குத் தெரியாது. போனை வைத்ததும் இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பதிவு செய்த நாளிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. அதுதான் நமக்குத் தெரிந்த வேலையாயிற்றே என்று மடமடவென்று எழுத உட்கார்ந்தார், ஒரே வாரத்தில் முடித்தார்.

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே, 'மேற்கண்ட பொருளைத் தங்கள் மேலான ஆய்வுகளால் சிறப்பித்தோர்' என்று ஒரு தலைப்பு. செத்துப்போன ஆராய்ச்சியாளர்களுக்கு 'அமரர்'. ஓய்வு பெற்றவர்கள் வலது பக்கம், பணியில் இருப்பவர்கள் இடது பக்கம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பீடியில் பிஎச்.டி. என்றால் ஒரே வரியில் தம்பதி சமேதராக. வெள்ளைக்காரர்களுக்கு, நம் பத்திரிகைகளில் மச்சான் பெயருக்குப் பக்கத்தில் துபாய் என்று போடுவோமே, அதேபோல அமெரிக்கா, லண்டன் என்று ஊர் பெயர். எம்.ஃபில்.லோடு நின்றவர்களை அடியில் 'மழலைச் செல்வங்கள்' என்று சின்ன எழுத்தில் போட்டு, ஓரத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி. ஆனால் ஒன்று, பல்கலைக்கழக விதியை எங்கேயும் மீறவில்லை. எழுத்து பன்னிரண்டு, வரி இடைவெளி ஒன்றரை, பைண்டிங்குக்காக இடது ஓரம் ஒன்றரை அங்குலம். கடைசியாக நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக்கொண்டார்.

ஜெபகனி மேடத்தின் அறைக்கு நானும் கூடவே போனேன். இவரைத் தனியாக அனுப்பினால் என்ன நடந்தது என்று ஒழுங்காக வந்து சொல்லத் தெரியாது.

"இது என்ன மஞ்சளா இருக்கு?" என்றார் மேடம்.

"மங்களகரமா இருக்கட்டும்னு, மேடம்."

அவர் ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார். வண்ணத்துப்பூச்சியிடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தார். திட்டப்போகிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"ஒறவுக்காரங்க ஒருத்தர் விடாமப் போட்டுட்டீங்க, சிவசைலம். வரிசையும் சரியாத்தான் இருக்கு. பொண்ணு யாரு? மாப்பிள்ள யாரு?"

"மேடம்?"

"பத்திரிகையப் பாத்தா இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு மொதல்ல தெரியணுமில்ல? இதுல அது எங்க? இத்தன பேரு எதுக்கு வந்திருக்காங்க? இவங்க சொன்னதுல எது ஒத்துப்போகுது, எது முட்டுது? எதுவுமே இல்லாம எல்லாரையும் கூப்புட்டு உக்கார வச்சிருக்கீங்க."

மேடம் தாள்களைத் தட்டி அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். விரலில் ஒட்டிய மஞ்சளைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

இதில் இன்னொரு கூத்து. பிறர் எழுதியதைப் பார்த்து எழுதியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கிற கம்ப்யூட்டரில் இந்த அத்தியாயத்தையும் போட்டுப் பார்த்தார்கள். உலகத்தில் இதுவரை ஒருவரும் இப்படி எழுதியதில்லை என்று அது சொல்லிவிட்டது. துறையில் இருந்த மற்ற ஆய்வு மாணவர்கள் வயிறு எரிந்துபோனார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இதை டைப் அடித்துக் கொடுத்தவர் மேலப்பாளையத்து நாசர். பாளை மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கிறார். காலையில் கல்யாணப் பத்திரிகை, மத்தியானம் ஆய்வேடு. இரண்டுக்கும் ஒரே கம்ப்யூட்டர். அவர் ஒரு பிரதியைக் கவுண்டரில் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போயிருக்கிறார். கடைக்கு வந்த பேராசிரியர் ஒருவர் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்து எடுத்துப் புரட்டியிருக்கிறார். உள்ளே அவர் பெயர் இருந்தது. அவருடைய எதிரியின் பெயருக்குக் கீழே இருந்தது.

அன்றைக்குப் பிடித்தது சனியன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவர் தன் பெயருக்கு முன்னால் 'முன்னாள் பொறுப்பு முதல்வர்' சேர்க்கச் சொன்னார். ஒருவர் தன்னை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றச் சொன்னார். கோபாலசுப்பிரமணியன் என்று ஒரு புள்ளியியல் பேராசிரியர், இவருக்குக் கணக்குப் போட உதவி செய்தவர், தன் மனைவி ஜயலக்ஷ்மியின் பெயரையும் சேர்க்கச் சொன்னார்.

"மாமி நத்தையப் பத்தித்தானே சார் பிஎச்.டி. பண்ணுனாங்க?" என்று இவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அதனால என்ன ஓய்? பீடி எலையில நத்தை ஏறாதோ?"

இவர் போனை மூடிக்கொண்டு, "ஏறுமாட்டி?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனைத் தூக்கி வாளியில் போட்டிருப்பேன். பிறகு புதுப்போன் யார் வாங்குவது?

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் குமரகுருபரன் நேரிலேயே வந்துவிட்டார். பீடித் தொழிலாளர் ஆராய்ச்சியில் எல்லாருக்கும் மூத்தவர், எழுபத்தைந்து வயது. இவர் பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான். அதனால் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சந்தோஷமாகத்தான் வந்தார். பழத்தை இவர் கையில் கொடுத்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், உடனே ஆரம்பித்தார்.

"மொதல்ல போட்டிருக்கீரு, சரி. அடுத்தாப்புல அந்த வன்னியராஜப் போட்டிருக்கீரே, எந்தத் தைரியத்துல வே?"

வன்னியராஜ் அவருடைய மாணவராக இருந்தவர். பீடி சுற்றும் பெண்கள் நன்றாகச் சேமிக்கிறார்கள் என்று குருநாதர் எழுதினார். ஒரு பைசா சேமிக்கவில்லை என்று சிஷ்யர் எழுதினார். அன்றிலிருந்து ஒருவர் வருகிற விசேஷத்துக்கு இன்னொருவர் வருவதில்லை. குமரகுருபரன் சார் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும்போதே வன்னியராஜின் போன் வந்தது. "அந்தாளுக்குக் கீழ என்னப் போட்டிருக்கீராமே, நெசமா?" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. போனில் ஒரு சண்டை, நாற்காலியில் ஒரு சண்டை, நடுவில் என் புருஷன் கையில் வாழைப்பழத்தோடு நின்றார்.

"சேமிக்காங்களா இல்லையான்னு ரெண்டு பேருமே முக்கூடல் போய்ப் பாத்தீங்கல்லா, அப்புறம் என்ன சண்ட?" என்று நான்தான் எரிச்சலில் கேட்டேன்.

"பாத்தேம்மா! வீடு வீடாப் போனேன்! மூக்குத்தி, பித்தளப் பாத்திரம், சீட்டு, எல்லாத்தையும் எண்ணுனேன். அவன் பேங்கு பாஸ்புக்க மட்டும் பாத்துட்டு வந்துட்டான்!"

போனுக்குள்ளிருந்து ஒரு குரல், "மூக்குத்தி எப்படி வே சேமிப்பாகும்? அது நக!"

என் வீட்டுக்காரர் பழத்தை மெதுவாக மேஜையில் வைத்தார். "பொண்ணு வீடு, மாப்பிள்ள வீடு" என்றார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. குமரகுருபரன் சார் என்னைப் பார்த்தார். வெயில் அதிகம் சார் என்று சொல்லி நான் சமாளித்து அனுப்பினேன்.

அன்று மத்தியானம் சோறுகூடச் சாப்பிடாமல் உட்கார்ந்தார். பெயர்ப் பட்டியலைக் கிழித்துப் போட்டார். சேமிக்கிறார்கள் என்றவர்கள் எல்லாரும் ஒரு வீடு. சேமிக்கவில்லை என்றவர்கள் இன்னொரு வீடு. யார் யார் எதை எண்ணிவிட்டு அப்படிச் சொன்னார்கள் என்று பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார். வெள்ளைக்காரர்கள் தனியாக நிற்காமல் அந்தந்த வீட்டுக்குள் போனார்கள். மழலைச் செல்வங்களில் ஒரு பெண் நல்ல விஷயம் ஒன்றைச் சொல்லியிருந்தாள், அவளைத் தூக்கி முன் வரிசையில் உட்காரவைத்தார். நத்தைக்கு இரண்டு வீட்டிலும் இடமில்லை. கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குச் சம்பந்தமில்லாதவர்களைச் சேர்க்க முடியவில்லை என்று சொல்லி, ஜயலக்ஷ்மி மாமியின் பெயரை ஒரு நிமிஷம் பேனாவை மேலே பிடித்து வைத்துவிட்டுப் பிறகு அடித்தார். வண்ணத்துப்பூச்சியையும் எடுத்தார்.

"ஏட்டி, இத்தன பேருல ஒருத்தருகூட அந்தப் பொம்பளைங்ககிட்ட, நீ எதச் சேமிப்புன்னு நெனைக்கன்னு கேக்கலட்டி. இவங்களா எதையோ எண்ணிட்டு வந்து அடிச்சிக்கிடுதாங்க."

இவருடைய நான்காம் அத்தியாயத்தில், இவர் அந்தப் பெண்களோடு பேசிப் பேசி எழுதி வைத்ததில், இதற்குப் பதில் பல வருஷமாகக் கிடந்திருக்கிறது. எதற்குப் பதில் என்று தெரியாமலே எழுதி வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடியும் மேடத்தின் அறை. ஸ்பைரல் போட்ட பிரதிகள். மேடம் கையெழுத்துப் போட்டால் பல்கலைக்கழக அலுவலகம் மூடுவதற்குள் கொடுத்துவிடலாம். அவர் இரண்டாம் அத்தியாயத்தைப் படிக்கப் படிக்க முகம் இளகியது. ஒரு இடத்தில் தலையைக்கூட ஆட்டினார். நான் மனதுக்குள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அத்தியாயம் முடிந்ததும் பின்னால் போய் நூற்பட்டியலைப் பிரித்தார். யார் யாருடைய ஆய்வைப் பயன்படுத்தினோம் என்று அகரவரிசையில் கொடுக்கும் பகுதி அது. விரலை வைத்து ஒரு இடத்தில் தேடினார். மறுபடியும் தேடினார். பிறகு மூடி வைத்தார்.

"வச்சிட்டுப் போங்க. திங்கக்கெழம பாக்கலாம்."

"சரி மேடம்" என்று எழுந்துவிட்டார் இவர். சரியாம்!

திங்கட்கிழமை என்றால் எல்லாம் முடிந்தது. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி. அதில் பழைய பழுப்பு அட்டையில் தங்க எழுத்து: 'பீடி சுற்றும் பெண்களின் வருமானமும் செலவும்', ஜெ. ஜெபகனி. நான் பிரதியை இழுத்து நூற்பட்டியலைப் பார்த்தேன். 'ஜெ' வரிசையில் ஜெபகனி என்ற பெயரே இல்லை.

"ஐயோ பாவி மனுஷா!" என்று கத்திவிட்டேன். இடம் பொருள் ஒன்றும் தெரியவில்லை. "ஊரு ஒலகத்துல உள்ளவங்களையெல்லாம் போட்டீங்களே, அமெரிக்காக்காரனையும் போட்டீங்களே, இவங்களப் போட மறந்துட்டீங்களே! ஒரு மாமாவ விட்டதுக்கு இத்தன வருஷம் பொலம்புனீங்களே!"

இவர் என்னைப் பார்த்தார். பைத்தியக்காரியைப் பார்க்கிற பார்வை.

"என்னட்டி சொல்லுத? நான் எதுக்கு மறக்கேன்? அது வந்தவங்க வரிச. மேடம் கல்யாண வீட்டுக்காரங்கல்லா! விசேஷத்த நடத்துதவங்க பேரு ஒறவுக்காரங்களுக்கு நடுவுலயா வரும்? கடைசில, தனியால்லா வரும். போட்டிருக்கேனே."

"எங்க போட்டிருக்கீங்க?"

இவரே வாங்கிப் புரட்டினார். அத்தியாயத்தின் கடைசித் தாள் அகப்படவில்லை. அப்போதுதான் கவனித்தேன். இந்தத் தடவையும் மூலையில் மஞ்சள் தடவியிருக்கிறார். ஈரம் காயாமல் பிரதியை மூடியதில், கடைசித் தாள் முந்தின தாளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் நகத்தை விட்டுப் பைய நெம்பிப் பிரித்தேன். உள்ளே ஒரு பக்கம் முழுவதும் வெற்றாக, அடியில் வலது பக்கமாக நாலே வரி இருந்தது. பீடி சுற்றும் பெண்ணின் வரவு செலவைப் பற்றி இந்த வட்டாரத்தில் முதன்முதலாக அவளிடமே கேட்டவர், இங்கே கூடியிருக்கும் அனைவரும் அவர் திறந்துவைத்த வீட்டில்தான் நிற்கிறார்கள் என்று எழுதி, கீழே 'ஜெபகனி' என்று மட்டும் இருந்தது. டாக்டர் பட்டம்கூட இல்லை. அழைக்கிறவர் தன் பெயருக்கு முன்னால் தானே பட்டம் போட்டுக்கொள்வாரா என்பது இவருடைய நியாயம்.

மேடம் அந்தப் பக்கத்தைக் கையில் வாங்கி நின்றுகொண்டே படித்தார். நாலு வரியைப் படிக்க அவ்வளவு நேரமா? மூக்கை உறிஞ்சினார்.

"எங்க அண்ணன் புள்ளைங்க கல்யாணம் அத்தனையும் நான்தான் நின்னு நடத்துனேன்" என்றார், என்னிடம். "எல்லாப் பத்திரிகையிலயும் என் பேரு கடைசி அத்தையா இருக்கும். ஒண்ணுல அதுவும் இல்ல. கேட்டா, ஒத்தப் பேரா எப்படிப் போட, கூடப் போட ஆளு இல்லையேன்னாங்க."

திட்டியே பழகிய வாய் எனக்கு, அந்த அண்ணன் வீட்டாரை மனதுக்குள் வைது தீர்த்தேன். மேடம் சட்டென்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஆனா நூற்பட்டியல்ல பேரு வரத்தான் செய்யணும், சிவசைலம். வீட்டுக்காரின்னாலும் விதி விதிதான்" என்று சொல்லி, தன் கம்ப்யூட்டரில் அந்த ஒரு வரியைத் தானே அடித்துச் சேர்த்து, பக்கத்தை மாற்றிக் கையெழுத்துப் போட்டார். நான் ஸ்கூட்டரை விரட்டினேன். அலுவலகத்தில் இருந்தவர் டிபன் கேரியரைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டோம். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டதால் வாய்மொழித் தேர்வுவரை பொறுத்துக்கொள்கிறோம் என்று கல்லூரியும் சொன்னது. அதில் தேறாவிட்டால் பழைய கதைதான்.

ஆவணியில் வாய்மொழித் தேர்வு. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்து எல்லார் முன்னிலையிலும் கேள்வி கேட்பார், இவர் பதில் சொல்லவேண்டும். யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது விதி. வழக்கமாக யாரும் வரமாட்டார்கள். இதற்கு வந்தார்கள் பாருங்கள்! சலவை வேட்டியும் பட்டுப்புடவையுமாக ஹால் நிறைந்துவிட்டது. குமரகுருபரன் சாரின் ஆட்கள் வலது பக்கம், வன்னியராஜ் சாரின் ஆட்கள் இடது பக்கம். ஒருவர் சுவர்க்கடிகாரத்தைப் பரிசுத்தாளில் சுற்றி எடுத்துவந்திருந்தார். ஜெபகனி மேடம் மயில் கழுத்து நிறத்தில் பட்டு கட்டிக்கொண்டு வாசலில் நின்று எல்லாருக்கும் சந்தனமும் கற்கண்டும் நீட்டினார். நான் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை. அவராகத்தான் கொண்டுவந்திருந்தார்.

வெளியூர்க்காரர் முதல் கேள்வி கேட்டார். "உங்கள் முன்னோடிகள் எல்லாரும் விட்ட இடம் எது?" இதற்குத்தானே இத்தனை பாடு! இவர் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். முகம் செத்துவிட்டது.

நானும் பார்த்தேன். சாலைக்கு எதிரே டீக்கடை. பெஞ்சில் மயில்கண் வேட்டி கட்டி, நெற்றியில் பளிச்சென்று விபூதியோடு கோபாலசுப்பிரமணியன் சார் உட்கார்ந்திருந்தார். ஆத்துக்காரி பெயர் இல்லாத இடத்துக்குள் வரமாட்டேன் என்று. கையில் டீ கிளாஸ்.

வெளியூர்க்காரர் கேள்வியைத் திரும்பக் கேட்டார். இவருக்கு அது காதில் விழவே இல்லை. எங்கள் கல்யாணத்தில் நின்ற அதே நிலைதான். போச்சு, இத்தனை வருஷமும் போச்சு, வேலையும் போச்சு என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். ஓடிப்போய் அந்த டீ கிளாஸைப் பிடுங்கி அவர் தலையில் கவிழ்க்கலாமா என்றுகூட நினைத்தேன்.

ஜெபகனி மேடம் சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே போனார். சாலையில் வந்த பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி, குறுக்கே கடந்து பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார். அங்கன என்ன பேசினார்கள் என்று, அந்தக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாசர்தான் பிறகு சொன்னார்.

"நீங்க யாரு என்னக் கூப்பிடன்னு அவரு கேட்டாரு டீச்சரக்கா. அந்தம்மா அசரவே இல்ல. வீட்டுக்காரி கூப்பிடுதேன், எந்திரிச்சு வாங்க, மாமியையும் போன் போட்டு வரச் சொல்லுங்கன்னாங்க. மனுஷன் டீய வச்சிட்டு எந்திரிச்சிட்டாரு."

அவர் உள்ளே வந்து, சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, எந்தப் பக்கமும் உட்காராமல் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேடம் வாசலிலிருந்து என் வீட்டுக்காரரைப் பார்த்து, எல்லாரும் வந்தாயிற்று என்கிற மாதிரித் தலையை அசைத்தார்.

"கேள்வியத் திருப்பிக் கேளுங்க சார்" என்றார் இவர், கணீரென்று. நிறுத்தவே இல்லை. மூக்குத்தியிலிருந்து பாஸ்புக் வரை சொல்லி, எல்லாரும் கேட்க மறந்த அந்தக் கேள்வியைச் சொல்லி முடித்தபோது இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒன்றாகக் கை தட்டினார்கள்.

இப்போது அவர் டாக்டர் சிவசைலம். அடுத்த ஜூனில் நிரந்தரமாகவே கூப்பிட்டுவிட்டார்கள். பால் இன்னும் பொங்கத்தான் செய்கிறது. ஆனால் ஜெபகனி மேடம் சாலையைக் கடந்து போனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஆதங்கம்தான் வருகிறது. எங்கள் கல்யாணத்தன்று அப்படி ஒருத்தி எழுந்து டீக்கடைக்குப் போயிருந்தால், இந்த மனுஷன் தாலி கட்டும்போது என் முகத்தைப் பார்த்திருப்பார்.